மேல்மலையில் குடியேறுகிறீர்களா? ரேடியோவும் தண்ணீர் வடிகட்டியும் வாங்கும் முன்

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் கரையைக் கடந்து பழனி மலைக்கு வந்தபோது, நாங்கள் கொடைக்கானல் மேல்மலையில் உள்ள பூம்பாறையில் குடியேறி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. மரங்கள் சாலையில் சாய்ந்தன. மின்சாரம் போனது. கைப்பேசிக் கோபுரமும் மறுநாள் மதியத்தோடு அடங்கிவிட்டது. கொடைக்கானலுக்கு வழி திறந்திருக்கிறதா, இன்னும் மழை வருமா, பால் வண்டி வருமா என்று எதுவும் தெரியவில்லை. பக்கத்து வீட்டுப் பூண்டு விவசாயியிடம் பெரிய செல் போடும் பழைய ரேடியோ ஒன்று இருந்தது. அதைத் திண்ணையில் வைத்தார். தெருவே வந்து சுற்றி நின்றது. வீட்டுக் குழாயில் வந்த தண்ணீர் செம்மண் கரைசலாக இருந்தது. எங்களிடம் இருந்த மின்சாரச் சுத்திகரிப்பான் மின்சாரமில்லாமல் சுவரில் சும்மா தொங்கியது.

அதற்குப் பிறகு பதற்றத்தில் நான் வாங்கிய பொருள்களில் ஏறத்தாழ 11,000 ரூபாய் வீணானது. எதுவும் மட்டமான பொருள் அல்ல. எல்லாமே வேறு ஊருக்கும் வேறு தட்பவெப்பத்துக்கும் செய்யப்பட்டவை. நீங்கள் மேல்மலைக்கோ கீழ்மலைக்கோ, நீலகிரிக்கோ புதிதாக வருகிறீர்கள் என்றால், அல்லது மலைத் தடங்களில் நடக்க ஆசைப்படுகிறீர்கள் என்றால், கீழே உள்ள வரிசையிலேயே செய்யுங்கள். அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம்.

1. கடைக்குப் போகும் முன் கணக்குப் போடுங்கள்

வீட்டுக்கா, நடைப்பயணத்துக்கா என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். இரண்டுக்கும் ஒரே பொருள் போதும் என்று விற்பவர்கள் சொல்வார்கள். போதாது.

வீட்டுக்கு என்றால் மூன்று நாள் கணக்கு வையுங்கள். குடிக்கவும் சமைக்கவும் ஓர் ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டர் வைத்தால், நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மூன்று நாளுக்கு 48 லிட்டர் ஆகிறது. இவ்வளவு தண்ணீரைக் கையால் பிழியும் சின்ன வடிகட்டியில் எடுப்பது கை ஒடியும் வேலை. நடைப்பயணத்துக்கு என்றால் ஓர் ஆளுக்கு மூன்று லிட்டர், எடை குறைவு, நெருப்பு இல்லாமல் வேலை நடக்க வேண்டும். காப்புக்காட்டுக்குள் அடுப்பு மூட்ட அனுமதி கிடையாது. ஆகவே தடத்தில் கொதிக்கவைத்துக் குடித்துக்கொள்ளலாம் என்ற எண்ணத்தை இங்கேயே விட்டுவிடுங்கள்.

2. ரேடியோவை இரவல் வாங்கி ஒரு நாள் வீட்டைச் சுற்றி நடந்து பாருங்கள்

கொடைக்கானல் பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸ். மதுரை, திண்டுக்கல், திருச்சிப் பக்கமெல்லாம் கேட்கும் நிலையம் அது. ஆனால் அந்தக் கோபுரத்துக்கு அருகிலேயே, ஒரு முகட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் இரைச்சல் மட்டும்தான் வரும். பண்பலை அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகிறது. மலை குறுக்கே நின்றால் நிழல் விழுகிறது. நூறு கிலோமீட்டர் தள்ளிச் சமவெளியில் இருப்பவருக்குத் தெளிவாகக் கேட்பது, பத்துக் கிலோமீட்டரில் இருக்கும் உங்களுக்குக் கேட்காமல் போகலாம். நீலகிரியில் உதகை வானொலி 101.8 மெகாஹெர்ட்ஸில் வருகிறது. அங்கேயும் இதே கதைதான்.

ஆகவே அக்கம்பக்கத்தில் யாரிடமாவது ஒரு ரேடியோ இரவல் கேளுங்கள். காலையில் ஒரு முறை, இருட்டிய பிறகு ஒரு முறை வீட்டின் ஒவ்வொரு மூலையிலும் வைத்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் பாத்திர அலமாரிக்குப் பக்கத்தில் வெறும் இரைச்சல். அங்கிருந்து நான்கு எட்டு நகர்ந்து கிழக்கு ஜன்னல் கட்டையில் வைத்தால் கணீரென்று கேட்கிறது. அந்தக் கட்டையில் ஓர் ஆணி அடித்திருக்கிறேன். ரேடியோவின் இடம் அதுதான். அங்கே பூந்தொட்டி வைக்க வீட்டில் யாருக்கும் அனுமதி இல்லை.

பண்பலை எங்குமே கிடைக்கவில்லை என்றால் மனம் தளராதீர்கள். மத்திய அலை (பெட்டியில் ஏ.எம். அல்லது எம்.டபிள்யூ. என்று இருக்கும்) மலையைச் சுற்றிக்கொண்டு வரும். சூரியன் மறைந்த பிறகு இன்னும் வெகுதூரத்திலிருந்து வரும். திருச்சி 936, சென்னை 720 கிலோஹெர்ட்ஸ் இரண்டையும் இரவில் தேடுங்கள். மத்திய அலைக்கான ஆண்டெனா ரேடியோவின் உள்ளே படுத்த கம்பியாக இருக்கிறது. மேலே நீட்டும் கம்பியை இழுத்து ஆட்டுவதால் பயனில்லை. பெட்டியையே மெதுவாகத் திருப்ப வேண்டும். அரை வட்டம் திருப்புவதற்குள் நிலையம் மறைந்து மீண்டும் வருவதை நீங்களே கேட்கலாம்.

இன்னொன்று. மின்சாரம் இருக்கும்போது மத்திய அலையில் ‘ர்ர்ர்’ என்று ஓர் உறுமல் கேட்டால் ரேடியோவைக் குறை சொல்லாதீர்கள். எல்.இ.டி. பல்புகளும் இன்வெர்ட்டரும் எழுப்பும் இரைச்சல் அது. மின்தடை இரவில் ஊரே இருண்டு கிடக்கும்போது அந்த உறுமல் போய்விடும். நீங்கள் ரேடியோ வாங்குவதே அந்த இரவுக்காகத்தான்.

3. ரேடியோ வாங்கும்போது ஐந்து இடத்தில் கண் வையுங்கள்

வானொலி நிலையங்களைக் கேட்க மட்டும் பயன்படும் ரேடியோவுக்கு உரிமம் எதுவும் தேவையில்லை. அதனால் துணிந்து வாங்கலாம். பார்க்க வேண்டியவை இவை.

முதலாவது, பண்பலை அளவு 88 முதல் 108 வரை இருக்க வேண்டும். ஜப்பான் சந்தைக்குச் செய்த பழைய பெட்டிகள் அழகாக இருக்கும், விலையும் குறைவு. அவற்றில் சில 76 முதல் 90 வரைதான் போகும். 100.5 அதில் கிடைக்கவே கிடைக்காது.

இரண்டாவது, எண் திரை உள்ள ரேடியோவாக இருந்தால் மத்திய அலையில் 9 கிலோஹெர்ட்ஸ் படி இருக்கிறதா என்று கேளுங்கள். நம் நாட்டு நிலையங்கள் 9-இன் மடங்கில் நிற்கின்றன. அமெரிக்கச் சந்தைக்கான பெட்டி பத்துப் பத்தாகத் தாண்டும். 930-க்குப் போகும், 940-க்குப் போகும், 936-இல் நிற்காது. நல்ல பெட்டிகளில் 9, 10 இரண்டுக்கும் மாற்றும் வசதி இருக்கும். முள் திருப்பும் பழைய வகைக்கு இந்தக் கவலையே இல்லை.

மூன்றாவது, ‘அவசரகால ரேடியோ’ என்ற பெயரில் வரும் வெளிநாட்டுப் பெட்டிகளில் டபிள்யூ-எக்ஸ் என்று ஒரு பொத்தான் இருக்கும். அமெரிக்காவில் வானிலை எச்சரிக்கைக்கென்றே ஓடும் தனி ஒலிபரப்புக்கு அது. இந்தியாவில் அப்படி ஓர் ஒலிபரப்பு கிடையாது. அந்தப் பொத்தானுக்காகவே 4,200 ரூபாய் கொடுத்தேன். ஏழு அலைவரிசையிலும் மௌனம். அந்தப் பெட்டியில் மத்திய அலை பத்துப் படியில்தான் தாண்டியது என்பது பிறகு தெரிந்தது.

நான்காவது, செல். உங்கள் ஊர்ப் பெட்டிக்கடையில் என்ன செல் தொங்குகிறதோ அதைப் போடும் ரேடியோவை வாங்குங்கள். பூம்பாறையிலும் மன்னவனூரிலும் பென்சில் செல்லும் பெரிய செல்லும் எப்போதும் கிடைக்கின்றன. தனி வடிவ பேட்டரி மட்டும் ஏற்கும் பெட்டி, அந்த பேட்டரி செத்த நாளில் செங்கல். இரண்டு பென்சில் செல்லில் ஓடும் என் சின்ன ரேடியோ, ஒரு நாளைக்கு மூன்று மணி நேரம் கேட்டால் இரண்டு வாரம் தாங்குகிறது. குளிரில் சாதாரண செல் சீக்கிரம் சோர்ந்துவிடும். மார்கழியில் போட்ட செல் செத்துவிட்டது என்று எறிவதற்கு முன் அரை மணி நேரம் சட்டைப் பையில் வைத்துவிட்டு மறுபடி போட்டுப் பாருங்கள். பயன்படுத்தாத நாளில் செல்லை வெளியே எடுத்து வையுங்கள். இல்லாவிட்டால் கசிந்து தகட்டை அரித்துவிடும்.

ஐந்தாவது, கைப்பிடியும் சூரியத் தகடும். கைப்பிடி சுற்றும் ரேடியோ வேண்டாம் என்று சொல்லமாட்டேன். ஒரு நிமிடம் சுற்றினால் சில நிமிடம் செய்தி கேட்கலாம், வேறு வழியே இல்லாதபோது அது உதவும். ஆனால் அதைச் சுற்றிக் கைப்பேசிக்கு மின்னேற்றலாம் என்ற விளம்பரத்தை நம்பாதீர்கள். முதுகில் ஒட்டியுள்ள உள்ளங்கை அளவுச் சூரியத் தகடு ஐப்பசி மூடுபனியில் ஒன்றுமே செய்யாது.

செலவு: பண்பலையும் மத்திய அலையும் உள்ள சாதாரணப் பெட்டி 700 முதல் 1,500 ரூபாய்க்குள் கிடைக்கிறது. எண் திரையும் 9 கிலோஹெர்ட்ஸ் படியும் உள்ள நல்ல பெட்டிக்கு 3,000-க்கு மேல் ஆகும். ஒரு வீட்டுக்கு முதல் வகையே போதும். கம்பி இயர்போன் செருகும் துளையும் உள்ளே பண்பலை வசதியும் உள்ள பழைய கைப்பேசி இருந்தால் அதையும் எறியாதீர்கள். இயர்போன் கம்பியே அதற்கு ஆண்டெனா, இணையம் தேவையில்லை.

4. வாக்கி-டாக்கி வாங்கும் ஆசை இருந்தால் முதலில் காகிதத்தைப் பாருங்கள்

இதில்தான் புதியவர்கள் பெரிதாக மாட்டிக்கொள்கிறார்கள். கேட்கும் ரேடியோவுக்கு உரிமம் வேண்டாம். பேசும் ரேடியோவுக்கு வேண்டும். விதிவிலக்கு உண்டு. 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரையிலான குறுகிய பட்டையில், குறைந்த சக்தியில் இயங்கும் கருவிகளை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம். அவற்றுக்கும் அரசு தரும் கருவி வகை ஒப்புதல் சான்று (இ.டி.ஏ.) இருக்க வேண்டும்.

நான் இணையக் கடை ஒன்றில் 3,800 ரூபாய்க்கு ஒரு ஜோடி வாங்கினேன். ஐந்து வாட், நீண்ட ஆண்டெனா, ‘பத்துக் கிலோமீட்டர்’ என்று எழுதியிருந்தது. உரிமம் பற்றி விற்பனைப் பக்கத்தில் ஒரு வரி இல்லை. பொழுதுபோக்காக ரேடியோவில் பேசுவோருக்கான அமெச்சூர் வானொலி உரிமம் வைத்திருக்கும் நண்பர் வீட்டுக்கு வந்தபோது அதைப் பார்த்துவிட்டு, “இதை அழுத்திப் பேசிவிடாதே. போலீஸ், வனத்துறை பேசும் அலைவரிசைக்குள் நுழைந்துவிடும். உரிமம் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம்” என்றார். திருப்பி எடுத்துக்கொள்ளும் காலம் முடிந்துவிட்டது என்று கடை கைவிரித்துவிட்டது.

இப்போது நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் இப்படிப்பட்ட விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. அலைவரிசை என்ன, உரிமம் வேண்டுமா, வகை ஒப்புதல் இருக்கிறதா என்பதை விற்பவர் காட்ட வேண்டும். அதைக் காட்டாத இடத்தில் வாங்காதீர்கள். வாங்கி ஏமாந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

வாங்கும் நாளில் மூன்றைக் கேட்டு வாங்குங்கள்: வகை ஒப்புதல் சான்றின் நகல், அதில் உள்ள அதே மாடல் எண் அச்சிட்ட ஜி.எஸ்.டி. ரசீது, அலைவரிசை எழுதிய குறிப்பேடு. மூன்றையும் படமெடுத்துக் கைப்பேசியில் வையுங்கள். சோதனைச் சாவடியில் கேட்டால் காட்ட வேண்டியது இவைதான்.

எட்டும் தூரத்தைப் பற்றி உண்மையைச் சொல்கிறேன். உரிமம் தேவையில்லாத கருவியில் ஒரு முகட்டிலிருந்து எதிர் முகட்டுக்கு நன்றாகப் பேசினோம். சோலைக் காட்டுக்குள் இறங்கினால் அரைக் கிலோமீட்டர் தாண்டவில்லை. குழுவாக நடக்கும்போது முன்னால் போகிறவரும் கடைசியில் வருகிறவரும் பேசிக்கொள்ள அது போதும். ஊருக்குத் தகவல் சொல்ல உதவாது.

ஊருக்கு ஊர் பேச வேண்டும் என்ற உறுதி இருந்தால் அமெச்சூர் உரிமத்துக்குப் படியுங்கள். 12 வயது நிறைந்த எவரும் எழுதலாம். கீழ் நிலையான ‘ரெஸ்ட்ரிக்டட்’ தேர்வுக்கு மோர்ஸ் தந்திக் குறி தேவையில்லை. தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் தளத்தில் விண்ணப்பம். அடையாளச் சான்று, முகவரிச் சான்று, வயதுச் சான்று, புகைப்படம் வேண்டும். என் நண்பர் கட்டியது தேர்வுக்கு 100 ரூபாய், இருபது ஆண்டு உரிமத்துக்கு 1,000 ரூபாய். பணம் சிறியது, காலம்தான் பெரியது. தேர்வு, சரிபார்ப்பு, அழைப்புக்குறி என்று பல மாதம் ஓடிவிடும். இந்த மழைக்காலத்துக்கு அதை நம்ப முடியாது.

வெளிநாட்டிலிருந்து உங்களைப் பார்க்க வரும் உறவினரிடம் ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். செயற்கைக்கோள் போனையும், செயற்கைக்கோள் வழியே செய்தி அனுப்பும் சிறு கருவியையும் கொண்டுவர வேண்டாம். அரசு அனுமதி இல்லாமல் இங்கே வைத்திருந்ததற்காகப் பயணிகள் விமான நிலையத்திலேயே கைதாகியிருக்கிறார்கள்.

5. வடிகட்டிக்கு முன்னால் ஓடையின் தலைமாட்டைப் பாருங்கள்

வடிகட்டி எதை நிறுத்தும், எதை நிறுத்தாது என்பது தெரியாமல் வாங்கினால் உடம்புக்குக் கேடு. கையால் பிழியும் வகைகளில் மிக மெல்லிய குழல்கள் கட்டாக இருக்கும். துளை 0.1 அல்லது 0.2 மைக்ரான். பேதியை உண்டாக்கும் பாக்டீரியாவும் ஒட்டுண்ணியும் அதில் நின்றுவிடும். மஞ்சள் காமாலையைத் தரும் வைரஸ் நிற்காது. எலிக்காய்ச்சல் கிருமி சுருள் சுருளாக மிக மெல்லியது, 0.2 மைக்ரான் துளையிலும் நெளிந்து போய்விடும். பூச்சிமருந்தும் உரமும் தண்ணீரில் கரைந்திருப்பவை, அவை தாராளமாக வெளியே வரும்.

மேல்மலையில் கேரட், உருளை, பூண்டு, முட்டைகோஸ். கீழ்மலையில் காபி, வாழை. நீலகிரியில் தேயிலையும் காய்கறியும். மருந்தடிக்காத சரிவு அரிது. ஆகவே தண்ணீர் எடுக்கும் இடத்திலிருந்து மேலே ஏறிப் பாருங்கள். தலைமாட்டில் சோலை மட்டும் இருந்தால் எடுங்கள். தோட்டம் இருந்தால் எடுக்காதீர்கள், எவ்வளவு விலை உயர்ந்த வடிகட்டி கையில் இருந்தாலும். கரித்தூள் சேர்ந்த வடிகட்டி பூச்சிமருந்தைக் கொஞ்சம் பிடிக்கும். எவ்வளவு பிடித்தது, கரி எப்போது நிறைந்தது என்று உங்களுக்குத் தெரியப்போவதில்லை.

நிறம் ஏமாற்றும். சோலைக்குள்ளிருந்து வரும் ஓடை சில இடங்களில் ஆறிய தேநீர் நிறத்தில் இருக்கும். இலைச் சருகு ஊறிய நிறம் அது, அதற்குப் பயப்பட வேண்டாம். தோட்டத்துக்குக் கீழே பளிங்கு போல ஓடும் தண்ணீருக்குத்தான் நான் பயப்படுகிறேன்.

6. வடிகட்டியைத் தேர்ந்தெடுங்கள்

வீட்டுக்கு: மின்சாரம் வேண்டாத, மேலே ஊற்றிக் கீழே பிடிக்கும் எவர்சில்வர் வடிகட்டி. உள்ளே பீங்கான் மெழுகுவர்த்தி போன்ற குச்சி இருக்கும். வத்தலக்குண்டு, திண்டுக்கல் பாத்திரக் கடைகளில் கிடைக்கும். நான் 1,900 ரூபாய்க்கு வாங்கினேன். குச்சியை மாதம் ஒரு முறை மெல்லிய நாரால் தேய்த்துக் கழுவ வேண்டும். அதில் மயிரிழை விரிசல் விழுந்தாலும் மாற்றிவிட வேண்டும். கூடுதலாக ஒரு குச்சி வாங்கி வையுங்கள். இதில் வரும் தண்ணீர் தெளிந்திருக்கும். குடிக்கும் முன் கொதிக்கவைக்கவும் வேண்டும்.

தடத்துக்கு: பிழியும் பையோடு வரும் குழல் வடிகட்டி. 2,500 முதல் 5,000 ரூபாய். பெட்டியில் ‘பி-231’ தரம் என்று இருந்தால், அது பாக்டீரியா, வைரஸ், ஒட்டுண்ணி மூன்றுக்கும் சோதிக்கும் தரம். பாக்டீரியாவுக்கும் ஒட்டுண்ணிக்கும் மட்டும் சோதித்துவிட்டு அந்தப் பெயரைப் போடுகிறவர்களும் உண்டு. முழு வாக்கியத்தையும் படியுங்கள். ‘நான்கு லட்சம் லிட்டர் ஆயுள்’ போன்ற எண்களைக் கணக்கில் எடுக்காதீர்கள். நம் செம்மண் தண்ணீரில் குழல் அடைத்துக்கொள்வதுதான் அதன் ஆயுளை முடிவு செய்யும். பெட்டியோடு வரும் சிரிஞ்சைத் தொலைக்காதீர்கள். ஒவ்வொரு பயணம் முடிந்ததும் சுத்தமான தண்ணீரை எதிர்ப்பக்கமிருந்து அழுத்திக் கழுவ வேண்டும்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது, யாரும் சொல்வதில்லை. இந்த வடிகட்டிகளில் பெரும்பாலானவை சாதாரண பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் திருகும்படி செய்யப்பட்டவை. நீலகிரியில் அந்த பாட்டிலுக்குத் தடை. கொடைக்கானலிலும் அதற்குக் கட்டுப்பாடு உண்டு. ஆகவே வழியில் பாட்டில் வாங்கித் திருகிக்கொள்ளலாம் என்று வராதீர்கள். பையோடு வரும் வகையை வாங்குங்கள். கூடுதலாக ஒரு பை வைத்துக்கொள்ளுங்கள், முதலில் கிழிவது அதுதான்.

கலங்கிய தண்ணீரை நேரே வடிகட்டிக்குள் விடக் கூடாது. குடத்தில் இரவு முழுவதும் தெளியவிட்டு, நாலாக மடித்த வேட்டித் துணியில் வடித்த பிறகு விடுங்கள். எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவர் தேற்றான்கொட்டையைக் குடத்தின் உட்புறத்தில் இழைத்துவிடுவார். காலையில் வண்டல் அடியில் அமர்ந்திருக்கும். அது கலங்கலைத் தெளியவைக்கும், கிருமியைக் கொல்லாது.

7. உறைபனி இரவில் வடிகட்டியைப் போர்வைக்குள் வையுங்கள்

நான் மிகவும் வருந்தும் தவறு இது. குழல் வடிகட்டி ஒரு முறை நனைந்துவிட்டால் உள்ளே ஈரம் தங்கியே இருக்கும். அந்த ஈரம் உறைந்தால் குழல்கள் வெடித்துவிடும். மார்கழி, தை மாதங்களில் மேல்மலையிலும் உதகைப் பக்கமும் உறைபனி விழுகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். புல்வெளி வெளுத்துக் கிடப்பதைப் படமெடுக்கிறோம். வடிகட்டியை நினைப்பதில்லை.

ஒரு ஜனவரி இரவு அதைக் கழுவி, சமையலறைப் பின்புறத் திண்ணையில் காயவைத்திருந்தேன். காலையில் பக்கத்தில் இருந்த எவர்சில்வர் டம்ளர்த் தண்ணீரின் மேல் கண்ணாடிச் சில்லுபோல ஒரு படலம். விரலால் தொட்டதும் உடைந்தது. மகளுக்கு அதைக் காட்டிச் சிரித்தேன். வெயில் ஏறியதும் வடிகட்டியில் தண்ணீர் விட்டேன். முன்பைவிட வேகமாக வந்தது. நன்றாகக் கழுவியிருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டேன். அந்த வாரமே மகளுக்குப் பேதி. மருத்துவர் என்ன தண்ணீர் குடிக்கிறீர்கள் என்று கேட்டார். பெருமையோடு வடிகட்டியைப் பற்றிச் சொன்னேன். பிறகு பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் சொல்லிப் புலம்பியபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: “பனியில் வைத்தாயா தம்பி?”

உடைந்த வடிகட்டிக்கு வெளியே எந்த அடையாளமும் இல்லை. வேகமாக ஓடுவதுதான் ஒரே அறிகுறி, அதை நாம் நல்ல செய்தியாக எடுத்துக்கொள்கிறோம். ஆகவே:

மார்கழி, தை மாதங்களில் வடிகட்டியைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிப் படுக்கையில், கால்மாட்டில் வையுங்கள். காரில் விட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். உறைந்திருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே எறிந்துவிடுங்கள். எனக்கு 3,400 ரூபாய் போனது. பணத்தைவிடக் குழந்தை பட்ட பாடுதான் பெரிது. காற்றை ஊதி உடைப்பைச் சோதிக்கும் முறையைச் சில நிறுவனங்கள் குறிப்பேட்டில் தருகின்றன. இரண்டு வடிகட்டிகள் ஒரே விலையில் இருந்தால் அந்த வசதி உள்ளதை எடுங்கள்.

8. மாத்திரையும் கொதியும்

வடிகட்டியில் தப்பும் கிருமிக்கு இரண்டாவது காவல் வேண்டும். வீட்டில் கொதிக்கவைப்பது, தடத்தில் குளோரின் மாத்திரை.

உயரம் கூடக்கூடத் தண்ணீர் குறைந்த சூட்டிலேயே கொதித்துவிடும். கொடைக்கானலில் ஏறத்தாழ 93 டிகிரியிலேயே கொப்பளிக்கும். சமவெளியில் ஒரு நிமிடம் போதும். 2,000 மீட்டருக்கு மேல் மூன்று நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். பூம்பாறை அந்த அளவுக்குச் சற்றுக் கீழே. நான் மூன்று நிமிடமே வைக்கிறேன்.

மாத்திரை மருந்துக்கடையில் கிடைக்கும். இங்கே பொறி எதில் என்றால் அளவில். ஒரே போலத் தோன்றும் மாத்திரைகளில் ஒன்று ஒரு லிட்டருக்கு, இன்னொன்று 20 லிட்டருக்கு. 67 மில்லிகிராம் மாத்திரை 20 லிட்டருக்கு உரியது. அதை ஒரு பாட்டிலில் போட்டால் குடிக்க முடியாது. நடைப்பயணத்துக்கு ஒரு லிட்டர் மாத்திரை என்று கேட்டு வாங்குங்கள், பட்டையைக் கண்ணால் படியுங்கள். போட்ட பிறகு அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். ஓடைத் தண்ணீர் கைவிரல் மரத்துப்போகும் குளிர்ச்சியில் இருந்தால் ஒரு மணி நேரம். முதலில் வடிகட்டல், பிறகு மாத்திரை. மாத்திரை போட்ட தண்ணீரைக் காத்திருக்காமல் கரி வடிகட்டியில் விட்டால் கரி குளோரினைப் பிடித்துக்கொள்ளும், கிருமி பிழைத்துக்கொள்ளும்.

9. எப்போது வாங்குவது, என்ன காகிதம் வைத்துக்கொள்வது

பழனி மலைக்கு வடகிழக்குப் பருவமழைதான் சோதனை. ஆகஸ்டுக்குள் வாங்கிவிடுங்கள், செப்டம்பரில் சோதியுங்கள். நீலகிரியின் மேற்குப் பக்கம், அவலாஞ்சி, கூடலூர்ப் பகுதிக்குத் தென்மேற்குப் பருவமழை. அங்கே ஏப்ரலிலேயே எல்லாம் கையில் இருக்க வேண்டும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 சென்டிமீட்டர் மழை பெய்தது. அந்த வாரத்தில் கூரியர் எதிர்பார்க்க முடியுமா?

மேல்மலை அஞ்சல் குறியீட்டுக்குப் பல இணையக் கடைகள் பொருள் அனுப்புவதில்லை. அனுப்பினாலும் பத்து நாள் ஆகும். கொடைக்கானலிலோ வத்தலக்குண்டிலோ தெரிந்தவர் முகவரி கொடுங்கள். பெட்டியைப் பிரிக்கும்போது வீடியோ எடுங்கள்.

தடத்தில் நடக்க வனத்துறையின் ‘ட்ரெக் தமிழ்நாடு’ தளத்தில் முன்பதிவு செய்ய வேண்டும். பழனி மலையில் வட்டக்கானல்–வெள்ளகவி, நீலகிரியில் லாங்வுட் சோலை, கெய்ர்ன் ஹில் போன்றவை அதில் உண்டு. அரசு அடையாள அட்டையின் அசல் வேண்டும். வழிகாட்டி உடன் வருவார். பிப்ரவரி நடுவிலிருந்து ஏப்ரல் நடுவரை தீப்பருவம், தடங்கள் மூடியிருக்கும். சொந்த வண்டியில் மலையேறும் வெளியூர்க்காரர்களுக்கு இ-பாஸ் தேவை. பஸ்ஸில் வந்தால் தேவையில்லை. காட்டுக்குள் ரேடியோவை ஸ்பீக்கரில் போடாதீர்கள். இயர்போன் ஒரு காதில் மட்டும். மற்றொரு காது காட்டெருமைக்கு.

10. ஒரு சனிக்கிழமை இரவு மெயின் சுவிட்சை அணைத்துவிடுங்கள்

எல்லாம் வாங்கிய பிறகு, மழைக்கு முன்னால், ஒரு மாலை ஆறு மணிக்கு மின்சாரத்தை அணையுங்கள். கைப்பேசிகளை ஏரோப்ளேன் நிலையில் போடுங்கள். மறுநாள் காலை பத்து மணிவரை வாங்கிய பொருள்களோடு மட்டும் இருங்கள். எங்கள் வீட்டில் முதல் முறை செய்தபோது தெரிந்தவை: டார்ச்சும் ரேடியோவும் வேறு வேறு செல், இருட்டில் மாத்திரைப் பட்டையின் எழுத்தை என்னால் படிக்க முடியவில்லை, 20 லிட்டர் வடிகட்ட ஏழு மணி நேரம் ஆனது, வானொலியில் செய்தி எத்தனை மணிக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. எல்லாமே சின்ன விஷயம், எல்லாமே கடைக்குப் போய்ச் சரிசெய்யக் கூடியவை. புயல் இரவில் என்றால் ஒன்றைக்கூடச் சரிசெய்திருக்க முடியாது.

அந்த வாரம் ஓர் அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ஜன்னல் கட்டைக்கு மேலே தொங்கவிட்டோம். 100.5, 936, 720, செய்தி நேரங்கள், மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலத்துக்கு 1070, ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112. கீழே வடிகட்டியைக் கடைசியாகக் கழுவிய தேதியும் மாத்திரையின் காலாவதி மாதமும். கடைசி இரண்டை மட்டும் பென்சிலால் எழுதுங்கள்.